கிணற்றில் கிடைத்த ஐந்து இதழ்க் கல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பக்கம் எங்கள் நிலம். இரண்டு வருஷமாக மழை இல்லை. மல்லாட்டைக் கொடி, அதான் வேர்க்கடலை, பூவோடு கருகியது. கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால் இருப்பது, இல்லாவிட்டால் நிலத்தை விட்டு மில்லுக்குக் கூலிக்குப் போவது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம்.

ஆழத்தில் வெள்ளைப் பாறை வந்தது. அதில் உருண்டையாக ஒரு கல். மேலே பூப்போல ஐந்து இதழ். வெட்டிய ஆட்கள் பயந்து, கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கல்லோடு மேலே ஏறிவிட்டார்கள். மாமியார் கல்லுக்கு மஞ்சள் பூசி, “ஆத்தா குந்திக்கினு இருக்கிற எடம். இனிமே யாரும் கை வெக்காதீங்க” என்றார்.

அந்தப் பக்கம் பாறைகளைப் பார்க்க வந்திருந்த பட்டணத்துக்காரர் ஒருவர் கூட்டத்தைக் கண்டு வந்தார். தன் பையிலிருந்து, மரக்காணம் கடற்கரையில் பொறுக்கிய ஓடு ஒன்றை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலும் ஐந்து இதழ்.

“இது கடல்ல வாழற பிராணிம்மா. உடம்பெல்லாம் முள்ளு, வாய் அடியில. செத்தா முள்ளு கொட்டிப்போயி ஓடு மட்டும் நிக்கும். இந்தக் கல்லு அதோட பழைய வம்சம், மண்ணுல பொதைஞ்சு கல்லாயிட்டுது. காலம் போகப் போக உருவம் மாறிச்சு. இந்த அஞ்சு மட்டும் மாறல. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துது.”

“அப்ப எங்க மாமனாரு இங்க வலை போட்டாரா?” என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். கிணறு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

“கடல் இருந்த எடம்னா தண்ணி உப்பாத்தானே வரும்? எதுக்கு வெட்டறது?”

சாமி பயம் போய் உப்பு பயம் வந்தது. ஆட்கள் தங்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“அந்தக் கடல் போயி கணக்கில்லாத காலம் ஆச்சும்மா. உப்பை மழை கழுவியிருக்கும். ஆனா நல்ல தண்ணி வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார் பட்டணத்துக்காரர். ஆசை காட்டாமல் பேசினாரே, அதனால்தான் நம்பினேன்.

நானே இறங்கினேன்.

“பொம்பளை கெணத்துல எறங்குவாளாடி?”

“எறங்கறேன் அத்தை. நீங்க கூடைய வாங்குங்க.”

வீட்டுக்காரர் பாறையை உடைக்க, நான் அள்ளினேன். கை கொப்பளித்து, இடுப்பு விட்டுப்போய், சோற்றைப் பிசையக்கூடத் தெம்பில்லாமல் படுத்த நாட்கள் அவை. கடைசியில் பாறைச் சந்தில் கசிந்தது. அள்ளி வாயில் வைத்தேன். உப்பில்லை. சந்தோஷப்படவும் உடம்பில் தெம்பில்லாமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுண்ணாம்புப் பாறையில் ஊறிய அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பயிருக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் எங்கேயும் போகவில்லை.

உடம்பு ஓய்ந்துபோன இந்த வயதிலும் யார் நிலம் என்று கேட்டால் எங்கள் நிலம் என்று நிமிர்ந்துதான் சொல்கிறேன். ஆனால் எங்களுக்கு முன்னால் இங்கே பிறந்து செத்த அந்தக் கடல் உயிர்களை நினைத்ததும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.