லிபாத்மா வெட்டிய அங்கி

லிபாத்மாவின் பெயரை நான் முதலில் கேட்டது, பாலைவன ஓரத்து ஊரான சடோட்டாவுக்கு மருமகளாக வந்த அன்று. ரொட்டி கருகிவிட்டதென்று முணுமுணுத்தேன். மாமியார் திரும்பி, "நான் யாரு தெரியுமில்ல? அங்கிய வெட்டின லிபாத்மாவோட தங்கச்சி. பாத்து நடந்துக்கோ" என்றாள்.

லிபாத்மாவின் புருஷன் சங்கபாலன் ஒரு பிக்கு. எங்கள் ஊர்ப் பிக்குகளுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, திராட்சைத் தோட்டம் எல்லாம் உண்டு. தலையை மழித்துக்கொண்டு பௌர்ணமிக் கூட்டத்துக்கு விகாரைக்குப் போவார்கள்; முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். யாரும் தப்பென்று சொன்னதில்லை, மேற்கேயிருந்து பட்டு வியாபாரிகளின் ஒட்டகத்தில் ஒரு மூத்த பிக்கு வந்து இறங்கும்வரை.

ஒரு மாதம் எங்கள் பெண்கள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு அவர் சொன்னார்: பெண்டாட்டி உள்ளவன் பிக்கு இல்லை. அடுத்த பௌர்ணமிக்குள் அவளை அனுப்பிவிட வேண்டும். பிக்குவின் வீடு விகாரையைச் சேரும்.

அந்த வீட்டின் மண்சுவரை மிதித்துக் குழைத்து எழுப்பியவர்கள் லிபாத்மாவும் அவள் தங்கையும்.

சங்கபாலன் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிடு. பெரியவர் சொல்லிட்டார்" என்றான்.

"பதினாறு வருஷமா உனக்கு அங்கி நெய்து குடுத்தது பெரியவரா?"

பௌர்ணமியன்று காலையில், ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் அந்த அங்கியைத் துண்டு துண்டாக்கினாள். அவனுக்கு வேறு அங்கி இல்லை. தோல் கோட்டும் கால்சட்டையுமாகக் கூட்டத்துக்குப் போனான். சம்சாரி உடையில் வரும் பிக்குவுக்கு ஒரு சுருள் பட்டு அபராதம்; அது எங்கள் விகாரைச் சட்டம்.

லிபாத்மா விகாரை வாசலில் நின்று கத்தினாள்: "சாமி, அவர் உடுப்பப் பாருங்க! சம்சாரி உடுப்புதானே அது? அவர் வாயாலயே சொல்லட்டும். சம்சாரி வீட்ட விகாரை எடுக்க முடியாதில்ல?"

சில பிக்குகள் சிரித்துவிட்டார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. "நீ பிக்குவா, சம்சாரியா?" என்று கேட்டார்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு தங்கியிருக்கும்.

"பிக்குதான் சாமி. இவ ஒரு கிறுக்கி, அங்கியக் கிழிச்சுட்டா."

அபராதப் பட்டுச் சுருளைக்கூட அவள் பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தான்.

வீடு விகாரைக்குப் போயிற்று. தறியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் தங்கை வீட்டுக்கு வந்தாள். மூத்தவர் அடுத்த ஒட்டகக் கூட்டத்தோடு கிழக்கே போய்விட்டார். இரண்டு குளிர்காலம் கழிவதற்குள் மற்ற பிக்குகள் பெண்டாட்டிமாரை மறுபடியும் அழைத்துக்கொண்டார்கள். சங்கபாலனும் ஒரு குடம் மதுவோடு வந்து நின்றான்.

"வா, போகலாம். இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"யாரும் சொல்லாட்டி பெண்டாட்டி, சொன்னா கிறுக்கியா? போய்யா!"

குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாகும்வரை அவனுக்காக அதைத் திறக்கவில்லை.

லிபாத்மா எங்கள் திராட்சைப் பந்தலுக்கு மேற்கே, என் மாமியாரின் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறாள்.