கையில் தேய்த்த மண்

நேற்று சாயங்காலம் என் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன மாமா, நாத்தம் தாங்கலியா? உள்ள போயிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா. இன்னும் ரெண்டு விரலுக்குப் பூசு" என்றேன். அவள் பார்த்த பார்வையை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ராத்திரி என் மகனிடம் ஏதாவது சொல்லியிருப்பாள்.

எனக்கு அது நகச்சாய வாசனை இல்லை. அறுந்த பிலிமை ஒட்டுகிற சிமெண்டின் வாசனை. அழுகிய வாழைப்பழத்தை ஸ்பிரிட்டில் போட்டதுபோல இருக்கும். கல்யாணமான புதிதில் என் சட்டை முழுக்க அந்த நெடிதான் அடிக்கும். யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. பூந்தமல்லிக்கு வெளியே ஒரு டெண்ட் சினிமாக் கொட்டகையில் நான் ஆபரேட்டருக்கு உதவியாள். உதவியாள் என்பது கௌரவமான வார்த்தை. பிலிம் சுற்றுவது, ஒட்டுவது, ஆபரேட்டரிடம் திட்டு வாங்குவது, இந்த மூன்றும்தான் உத்தியோகம். வெளியே மட்டும் "நான்தான் படம் ஓட்டுறேன்" என்று சொல்லிக்கொள்வேன். என் மாமனார் ஊரில் இன்னும் அதை நம்புகிறார்கள்.

அந்தக் கொட்டகையில் எனக்குச் சிநேகிதர்கள் இரண்டு பேர். கண்ணாயிரம் கள்ளிக்குப்பத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பாக, கட்டையாக, தூண் மாதிரி இருப்பான். ஏகாம்பரம் நசரத்பேட்டை. ஒல்லி, நெட்டை, முகத்தில் எந்நேரமும் பயந்தவன் களை. இரண்டு பேருக்கும் விளம்பர வண்டியில் வேலை. மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் படத் தட்டியைக் கட்டி, தமுக்கு அடித்துக்கொண்டு, மத்தியானத்தில் ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் வீச வேண்டும். கொட்டகையில் வேலை இல்லாத மத்தியானங்களில் நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். தமுக்குச் சத்தத்துக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அதனால் இவர்களாகவே ஒரு வேடிக்கை கண்டுபிடித்தார்கள்.

ஏகாம்பரம் வண்டியின் பின்பக்கம், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவன்தான் மாப்பிள்ளை. கண்ணாயிரம் தரகன், கீழே ரோட்டில் நிற்பான். "பொண்ணு ஊட்ல சைக்கிள் தராங்கோ, கடியாரம் தராங்கோ" என்று அடுக்கிக்கொண்டே போவான். ஏகாம்பரம் ஒவ்வொன்றுக்கும் பூரித்துப் போவான். கடைசியில், "அப்பால, மாமியாக்காரி ஒங்கூடவேதான் இருப்பாளாம்!" என்பான். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு, முட்டி மடங்காமல், வெட்டிய மரம்போல அப்படியே பின்னால் சாய்வான். கண்ணாயிரம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்பான். ஜனங்கள் "ஐயோ" என்று அலறுகிற நேரத்தில், தலை தரையில் படப் போகும்போது, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான்.

ஒரு காரியத்தை மட்டும் அவன் மறக்க மாட்டான். கடைசி வரியைச் சொல்வதற்கு முன்னால் குனிந்து ரோட்டு மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வான். வியர்வையில் வழுக்கிவிடக் கூடாதே. ஏகாம்பரத்துக்கு முதுகுப் பக்கம் நடக்கிற காரியம், கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆனால் கை தேய்கிற சரசரப்புக் கேட்டால்தான் சாய்வான்.

நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டில் ஒரு நாள் ஒரு கார் நின்றது. பட்டணத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரம் ஏகாம்பரத்தை மட்டும் நடிக்கக் கூப்பிட ஆள் வந்தது.

"எல்லாரும் வுழுறவனத்தான் பாக்குறான். புடிக்கிறவன எவன் பாக்குறான்?" என்று கண்ணாயிரம் சிரித்தான். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஏகாம்பரம் நடித்த படம் எங்கள் கொட்டகைக்கே வந்தது. தட்டியில் ஒரு மூலையில் அவன் முகம். அந்தத் தட்டியைக் கட்டிக்கொண்டு, அதே வண்டியில், தனியாகத் தமுக்கு அடித்து, "நம்ம ஊரு ஏகாம்பரம் நடிச்ச படம்!" என்று கத்த வேண்டியவன் கண்ணாயிரம். யோசித்துப் பாருங்கள். கள்ளிக்குப்பத்துக்குப் போனால் சொந்த ஜனமே, "நீ எங்கடா கீற படத்துல?" என்று கேட்டது. அந்த மாமியார் வேடிக்கை படத்தில் அப்படியே இருந்தது. தரகனாக யாரோ ஒரு நடிகர். ஏகாம்பரம் சாய்வான், 'தொம்' என்று சத்தம் கேட்கும். பிடிக்கிற ஆளே கிடையாது.

முதல் நாள் ஏகாம்பரமே நேரில் வருவான் என்று கொட்டகை முதலாளி நோட்டீஸ் போட்டார். அன்று காலை டீக்கடையில் கண்ணாயிரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"வரட்டும். இந்த தபா அவன் வுழட்டும். நா கைய கட்டிகினு நிக்கிறேன்."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. "இன்னா மச்சான், வாயில வந்தத பேசிகினு?" என்று நான் அவன் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் ஏகாம்பரம் காரில் வந்து இறங்கினான். சில்க் ஜிப்பா, சென்ட். என்னைக் கண்டதும் ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"கண்ணாயிரம் என்னமோ சொன்னானாமே. மெய்தானா?"

டீக்கடைப் பேச்சு அதற்குள் அவன் காதுக்குப் போய்விட்டிருந்தது. "அவனுக்கு வாய்தான் மாமே. நீயே போயி பேசேன்" என்றேன்.

"பேசணும். அப்பால பேசுறேன்" என்றான். முதலாளி மாலையோடு வந்து அவனை நாற்காலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எங்களிடம் ஒரே மிஷின்தான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். மாமியார் கட்டம் ஒரு ரீலின் கடைசியில் வந்து தொலைந்தது. திரையில் ஏகாம்பரம் சாய்ந்தான், 'தொம்', விளக்கு வந்துவிட்டது. தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்றது. "ஒன்ஸ்மோர்! ஏகாம்பரம், நேர்ல வுழு!" என்று ஒரே கூச்சல். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஒரு பெஞ்சைத் தூக்கித் திரைக்கு முன்னால் போடச் சொன்னார். பெண்கள் பக்கத்து மூங்கில் தட்டியில் சாய்ந்து நின்றிருந்த கண்ணாயிரத்தைப் பார்த்து, "டேய், போடா, தரகனா நில்லு" என்றார்.

கண்ணாயிரம் நகரவில்லை. கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. மெதுவாக வந்தான். நான் ரீலைக் கையில் வைத்துக்கொண்டு கேபின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாட்டுடா!" என்று ஆபரேட்டர் என் முதுகில் அடித்தார். நான் அசையவில்லை.

ஏகாம்பரம் பெஞ்சின் மேல், ஜனங்களைப் பார்த்து நின்றான். பின்னால் கண்ணாயிரம். சைக்கிள், கடியாரம் என்று அடுக்கினான். குரலில் உயிரே இல்லை. ஆனாலும் கொட்டகை அதிர்ந்தது. கடைசி வரிக்கு முன்னால் கண்ணாயிரம் குனிந்தான். தரை மணலை அள்ளினான். உள்ளங்கையில் தேய்த்தான், ஒருமுறைக்கு இரண்டுமுறை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிடிக்கப் போகிறான்! கழுதை, வாயால் வைதுவிட்டுக் கையால் பிடிக்கப் போகிறான்.

அந்த இரைச்சலில் மண் தேய்கிற சரசரப்பு யாருக்குக் கேட்கும்?

"மாமியாக்காரி ஒங்கூடவேதான் இருப்பாளாம்!"

ஏகாம்பரம் கண்ணை மூடினான். சாய்ந்தான். பாதி தூரம் சாய்ந்திருப்பான். சட்டென்று ஒரு காலைப் பின்னால் எடுத்து மணலில் ஊன்றி நின்றுவிட்டான்.

கூட்டம் அதைப் புது வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. ஏகாம்பரமும் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். கண்ணாயிரத்தின் கைகள் மட்டும் நீட்டியது நீட்டியபடி இருந்தன. பிறகு அவற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனான். தமுக்கு மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் முதல் அவன் வேலைக்கு வரவில்லை. ஆவடியில் பட்டாளத்து மூட்டை தூக்கப் போய்விட்டான் என்றார்கள். ஏகாம்பரம் படம் முடிவதற்கு முன்பே காரில் ஏறிவிட்டான். அவர்கள் மறுபடி பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், இன்றுவரை.

கண்ணாயிரம் செத்துப்போய் வெகுகாலம் கழித்து, திருநின்றவூரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். பெரிய பெயர், பெரிய தொப்பை. உட்காருவதற்கு முன்னால் கையைப் பின்னால் நீட்டி, நாற்காலி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். பாயசம் வந்தபோது தாழ்ந்த குரலில் கேட்டான்:

"அன்னிக்கு அவன் புடிச்சிருப்பானா மாமே?"

"கையில மண்ணு தேச்சான். நா ஓட்டை வழியா பாத்தேன்."

"மண்ணு தேச்சானா?" என்றான். மறுபடியும், "தேச்சானா?" என்றான். பிறகு இலையை மூடிவிட்டான்.

இப்போது அவனும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் பாத்திரக் கடையும் பஸ் இரைச்சலும்தான். வண்டி இல்லை, தமுக்கு இல்லை, அந்தப் படத்தின் பிலிம்கூட எங்கும் இல்லை என்கிறார்கள். திரும்பிப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஏகாம்பரம் விழுந்ததை நசரத்பேட்டை ரோட்டில் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். மருமகள் சாயப் புட்டியை மூடிவிட்டாள். வாசனையும் போய்விட்டது.