பொறுப்பாளர் என்ற கட்டம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு அவள் ஃபைல் அக்கா. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை அதே பெயர்தான். நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த நோயாளியின் காகிதங்கள் வார்டு, மருந்தகம், நிர்வாக அறை என்று சுற்றிக் கடைசியில் அவள் மேஜைக்கு வரும். அவள் எல்லாவற்றையும் சரிபார்த்து, துளை போட்டு, நாடா கட்டி, கேட் பாஸ் எழுதிக் கொடுப்பாள். பதினேழு வருடமாக அதே மேஜை. எதிரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெளியே போகும் வாசல்.

அவள் கணவர் குளிர்பதன எந்திர மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் அவர் கம்பெனி வேறு ஊருக்கு மாறிப் போனது. பஸ்ஸில் நாலரை மணி நேரம். சனிக்கிழமை மாலை வருவார். ஞாயிறு சாயங்காலம் துவைத்த சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்புவார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அவரை "கெஸ்ட்" என்று கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டும்போது, "இப்படியே போனா கிழவனாகிறதும் பஸ்லதான்" என்றார். அன்றைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே தரக் கண்காணிப்புப் பிரிவில் ஆள் எடுக்கப் போவதாக அவர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அனுபவம் போதும், ஆனால் வேலைமுறையைச் சீர்ப்படுத்தும் படிப்பில் கிரீன் பெல்ட் சான்றிதழ் வேண்டும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, அதே மாதம் அவள் ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பயிற்சிக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

"அம்மா, உனக்குக் கராத்தேவா?" என்றாள் மகள்.

"ஆமா. முதல் அடி உனக்குத்தான். போய்ப் படி."

ஆறு சனிக்கிழமை வகுப்பு. அடித்தளத்தில், சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஒரு அறை. ஏ.சி.யைக் குறைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. சுவருக்கு அப்பால் துணி துவைக்கும் எந்திரம் கடகடவென்று ஆடும்போதெல்லாம் மேஜை மேல் பேனாக்கள் உருளும். பயிற்சியாளர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தவர், ஒல்லியான ஆள். ஆளைப் பார்த்துப் பேசமாட்டார். கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"வீண் வேலைக்கு ஜப்பான்காரங்க ஒரு பேர் வெச்சிருக்காங்க. முடா" என்றார்.

பின் வரிசையிலிருந்த சலவை மேற்பார்வையாளர் கையைத் தூக்கினார். "சார், அதையே கொஞ்சம் நீட்டி எங்க வீட்டம்மா தினமும் என்னைக் கூப்பிடறாங்க." அறையே சிரித்தது. பயிற்சியாளரும் அன்று ஒருமுறை சிரித்தார்.

வீண் காத்திருப்பு, வீண் நடை, இரட்டை வேலை. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, ஃபைல் அக்காவுக்குத் தன் பதினேழு வருடமும் பலகையில் ஏறுவது போலிருந்தது. ஒரு தவறைக் கண்டால் "ஏன்" என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்று பாடம். அதை வீட்டில் சொன்னது தப்பாகப் போய்விட்டது.

"ஏம்மா இன்னிக்கு லேட்டு?"

"வேலை முடியல."

"ஏன் முடியல?"

"ஃபைல் வரல."

"ஏன் வரல? சரி விடு. ஏம்மா நீ வேற வேலைக்குப் போகல? ஏம்மா அப்பா நம்மகூட இல்ல?"

ஐந்தாவது ஏன் வந்ததும் அவள் அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை.

தேர்வு மட்டும் போதாது. ஒரு திட்டமும் செய்து காட்ட வேண்டும். தன் வேலையில் ஒரு தாமதத்தை எடுத்து, அளந்து, காரணம் கண்டுபிடித்து, குறைத்துக் காட்ட வேண்டும். அவள் எதை எடுப்பாள்? டாக்டர் "போகலாம்" என்று சொன்ன நேரத்திலிருந்து நோயாளி வாசலைத் தாண்டும் வரை ஆகும் நேரத்தைத்தான் எடுத்தாள். ஒவ்வொரு திட்டத்துக்கும் மேலிடத்தில் ஒருவர் ஆதரவாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாக அதிகாரி போட்டார்.

மூன்று வாரம் அவள் கையில் ஸ்டாப்வாட்சோடு ஃபைல்களின் பின்னாலேயே நடந்தாள். மருந்தகத்தில் இருந்தவர், "என்னக்கா, நான் மூச்சு விடறதையும் எழுதிக்கறீங்களா?" என்று கேட்டார். வார்டின் தலைமை சிஸ்டர் அவளைக் கண்டாலே பேச்சை நிறுத்தினார். பதினேழு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் மதியத்தில் டப்பாவைச் சற்றே தள்ளி வைத்தார்கள். நாற்பது ஃபைல்கள் அளந்து முடித்தபோது கணக்கு வந்தது. சராசரி ஐந்து மணி இருபது நிமிடம். வார்டில் நாற்பது நிமிடம். மருந்தகத்தில் ஐம்பது. அவள் மேஜையில் இருபத்தைந்து. ஏறியிறங்கி நடப்பதில் முப்பத்தைந்து. மீதி இரண்டு மணி ஐம்பது நிமிடமும் ஒரே இடத்தில்: நிர்வாக அதிகாரியின் மேஜை மேல், ஒரு கையெழுத்துக்காக.

திட்டம் தேற வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே அதிகாரிதான்.

அந்தக் கையெழுத்து எதற்கு என்று தேடிப் போனாள். பழைய சுற்றறிக்கை ஒன்று கிடைத்தது. பதினொரு வருடத்துக்கு முன் ஒரே பெயரில் இரண்டு பேர் வார்டில் இருந்து, ஒருவருடைய மாத்திரையோடு இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்று முதல் எல்லா ஃபைலும் மேலே போய் வர வேண்டும் என்று உத்தரவு. அதன் பின் மூன்று அதிகாரிகள் மாறியிருந்தார்கள். உத்தரவு மட்டும் மாறவில்லை.

சலவை மேற்பார்வையாளரிடம்தான் மனம்விட்டுச் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? பிரிண்டர் மேல பழியைப் போடுங்க" என்றார் அவர். "அது வாய் பேசாது. நான் என் திட்டத்துல தண்ணி அழுத்தம்னு எழுதிட்டேன். நிம்மதியா இருக்கேன்."

தாமதத்தின் காரணங்களை முட்களாகக் காட்டும் மீன்முள் படம் இரண்டு வரைந்தாள். ஒன்றில் முதுகெலும்பிலிருந்து கிளம்பிய முட்களில் மிகப் பெரியது "பழைய பிரிண்டர்". இன்னொன்றில் "நிர்வாகக் கையெழுத்து". அந்த வாரம் வந்த கணவர் இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பார்த்துவிட்டு, "முள்ளு மட்டும் இருக்கு, மீனைத் தின்னது யாரு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "பிரிண்டரையே காட்டு. நமக்கு வேண்டியது காகிதம். அதை வாங்கிட்டு வந்துடு" என்றார். அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது.

திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாள் காலையில் ஒரு கொத்தனார் அவள் மேஜைக்கு வந்தார். முந்தின நாள் காலை ஒன்பதரை மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஃபைல் மேலேயே தங்கிவிட்டதால் இரவும் வார்டிலேயே படுத்திருக்கிறார். கால் கட்டோடு, சொந்தச் சட்டை போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்திருந்தார். கோபப்படவில்லை. "ஏம்மா, போகச் சொன்னதும் இவங்கதான், பிடிச்சு வெச்சிருக்கிறதும் இவங்கதான். எனக்கு நோய் தீந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"தீந்துடுச்சுண்ணா" என்றாள் அவள். மாடிக்கு ஏறிப் போய் ஃபைலைக் கையோடு வாங்கி வந்து அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். பிறகு அடித்தளத்துக்கு இறங்கினாள். சுருட்டி வைத்திருந்த இரண்டு படங்களில் எதைப் பலகையில் ஒட்டுவது என்று அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

நிர்வாக அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் எண்களை வாசித்தாள். இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். சுவருக்கப்பால் சலவை எந்திரம் நின்று போயிருந்தது, அவ்வளவு அமைதி.

அதிகாரி கெட்டவரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையைச் சொன்னா, நான் எதையும் படிக்கறதில்லம்மா. போட்டுக்கிட்டே போவேன். நானும் ரொம்ப நாளா யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றார். அவளுக்கு உயிர் வந்தது. அவர் எழுந்து அவள் படிவத்தை வாங்கினார். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் "இனி பொறுப்பாளர்" என்று ஒரு கட்டம். அவள் அதைக் காலியாக விட்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்து அதில் அவள் பெயரை எழுதினார்.

"இந்த ஆஸ்பத்திரியில ஃபைலைப் படிச்சுக் கையெழுத்துப் போடத் தகுதியான ஆள் நீங்க ஒருத்தர்தான். இனிமே என்கிட்ட வர வேண்டாம். நீங்களே போடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

தேர்விலும் தேறினாள். ஒரே மாதத்தில் ஐந்து மணி இருபது நிமிடம் இரண்டே கால் மணிக்கு வந்தது. நோட்டீஸ் பலகையில் அவள் போட்டோவை ஒட்டினார்கள். தலைமை சிஸ்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் இருந்த ஊர் ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள், அவர்களுக்குப் பிடித்திருந்தது. "சான்றிதழை மட்டும் கொண்டு வாங்க" என்றார்கள்.

அப்போதுதான் பயிற்சியாளர் போனில் சொன்னார். அவள் கையில் இருப்பது தேர்ச்சிக் கடிதம்தான். சான்றிதழ் வர, குறைத்த நேரம் ஒரு வருடம் ஏறாமல் நிற்க வேண்டும். மாதா மாதம் பொறுப்பாளர் கையெழுத்தோடு வரைபடம் அனுப்ப வேண்டும். "படிவத்துல பின்பக்கம் போட்டிருக்குங்க. யாரும் படிக்கறதில்ல" என்றார்.

வேறொருவரைப் பொறுப்பாளராக்கச் சொல்லி அதிகாரியிடம் போனாள்.

"யாரைப் போடறது? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். அவள் தலைமை சிஸ்டரைக் கேட்டாள். "ஐயோ அக்கா, தப்பாப் போனா என் தலை போகும்" என்றார் சிஸ்டர். மருந்தகத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டார். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு மாதம் பொறுத்துவிட்டு வேறு ஆளை எடுத்தார்கள்.

தினமும் அறுபது ஃபைல். ஒவ்வொன்றையும் அவள் படித்தாள்; படிக்காமல் போட அவளுக்குக் கை வரவில்லை. ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டாள். அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர் பையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள் என்றும், ஒரு கைக்குழந்தை கத்திக் கத்தி ஓய்ந்தது என்றும் மறுநாள் காவலாளி சொன்னார். அந்த மாத வரைபடத்தில் கோடு ஒரு கொம்பு போல நிமிர்ந்து நின்றது; ஒரு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதற்குப் பிறகு காய்ச்சலானாலும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். மகளின் பள்ளி விழாவுக்குப் போகவில்லை. சனிக்கிழமை கணவர் வரும்போது சில நாள் வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில்.

"மேல ஒருத்தர் கையெழுத்துக்குப் பதிலா, கட்டில் பக்கத்திலயே ரெண்டு சிஸ்டருங்க நோயாளி பேரையும் ஃபைலையும் ஒத்துப் பாத்தாப் போதும்" என்று ஐந்தாவது மாதம் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி முழுவதும் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாராவது ஒருத்தர் பேர் இருக்கணும்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது?" என்றார். காகிதத்தை இழுப்பறையில் வைத்தார். வெளியே வந்து மாடிப்படியில் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கீழே யாரோ "ஃபைல் அக்கா எங்கே?" என்று கேட்பது கேட்டது. இறங்கிப் போனாள்.

பதினாலு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. கெட்டி அட்டை, பச்சைக் கரை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பாட்டு மேஜையில் அதை நடுவில் வைத்துப் பார்த்தார்கள்.

"அங்க மறுபடி ஆள் எடுக்கறாங்களாம்" என்றார் கணவர். முன்பு போல அவர் குரலில் அவசரம் இல்லை. இந்த இடைவெளியில் அவர் அங்கே சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார். அவருக்கென்று நாலு பேர் பழக்கமாகியிருந்தார்கள். "கடைசித் தேதி இருபது. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்."

"பன்னிரண்டாவது முடிக்காம நான் எங்கயும் வர மாட்டேன்" என்றாள் மகள். "நடுவுல ஸ்கூல் மாத்தினா அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேந்து என்னைக் கெடுத்துடாதீங்க."

"யாரும் மாத்தல. சாப்பிடு" என்றாள் அவள்.

கணவர் பஸ் ஏறிப் போனார். மகள் டியூஷனுக்குக் கிளம்பினாள். அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை எடுத்துப் பெயர், வயது, அனுபவம் என்று வரிசையாக நிரப்பினாள். "எப்போது வேலையில் சேர முடியும்?" என்ற கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. அடுத்த மாதம் என்று எழுத முடியாது. அடுத்த வருடம் என்று எழுதினால் யார் காத்திருப்பார்கள்? அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் அவள் மேஜைக்கு முன்னால் ஆட்கள் வந்து விடுகிறார்கள்.