நைனா ஷூ கழற்றிய சர்ச்

இந்த நாட்டில் சாமி இருக்கும் இடத்துக்குள் ஷூவோடு போகலாம். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகியும் சர்ச் வாசலில் நான் லேஸை அவிழ்க்கக் குனிந்து, பிறகு வெட்கத்தோடு நிமிர்கிறேன். நம்மூர் மாதா கோயிலிலும் செருப்பை வெளியே விட்டுத்தானே பழக்கம்.

போன வருடம் அப்பா வந்திருந்தார். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அம்மா போனபிறகு கவரைப்பேட்டையில் தனியாக இருக்கிறார். பிள்ளை என்று இருப்பது நான் ஒருத்தி. மூன்று மாத விசாவில் வரவழைத்தேன். பத்தாம் நாளே, "டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா? பேஜாராகீதும்மா" என்றார். விடுவேனா? ஊர் பிடித்துப்போனால் தங்கிவிடுவார் என்று ஞாயிறுதோறும் ரயிலேற்றி ஒவ்வொரு பழைய ஊராக இழுத்துக்கொண்டு அலைந்தேன். மதில், அகழி, கோட்டை வாசல், மரச்சட்டம் தெரியச் சாய்ந்து நிற்கும் வீடுகள். "எண்ணூறு வருஷம் நைனா" என்று கைடு மாதிரி தொண்டை வறளச் சொன்னேன். அவர் கதவுக் கீல்களைத்தான் தடவிப் பார்த்தார். "இது உருட்டினது இல்ல, கையால அட்ச்சது" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. சரியான கல்லுளிமங்கன்.

கடைசியாகப் போன ஊரில் பெரிய சர்ச். அவர்கள் 'டோம்' என்கிறார்கள். நான் கோபுரத்தைப் படமெடுத்துத் திரும்புவதற்குள் நைனா ஷூவையும் சாக்ஸையும் வாசல் ஓரம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மார்ச் மாதக் குளிரில் கல் தரை. அங்கே காவலுக்கு இருந்த அம்மாள் ஓடிவந்தாள். காலில் புண்ணா, பிளாஸ்டர் வேண்டுமா என்று கேட்டாள். மரியாதைக்காக என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"நல்ல பொம்பள" என்று உட்கார்ந்தவர், தரைக்கல்லில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டி, "இன்னா எழுதிகீது?" என்றார்.

"செத்தவங்க பேரு. அந்தக் காலத்துல உள்ளயே பொதைப்பாங்க."

சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு அமாவாசைக்கு அமாவாசை சோறு வெக்கணும். நான் இங்க குந்திக்கினு இருந்தா யாரு வெப்பா?"

"இங்கயும் காக்கா இருக்கு நைனா."

"இருக்கும். அதுக்கு உங்கம்மாவத் தெரியுமா?"

நைனா எழுந்தார். கல்லறைகளை மிதிக்காமல் வளைந்து வளைந்து வாசலுக்கு வந்தார். விரல்கள் விறைத்து அவரால் லேஸ் கட்ட முடியவில்லை. நான் குனிந்து கட்டினேன். என் தலைக்குமேல் அவர் குரல் கேட்டது.

"எனக்கு ஒண்ணுன்னா, நீ வந்து சேர்ற வரைக்கும்னு என்ன ஐஸ் பொட்டில வெப்பானுங்க. வோணாம்னு சொல்லிடு. எனக்குக் குளிரு ஆவாது."

ஊரில் எதிர்வீட்டுக்காரரை, துபாயிலிருந்து மகன் வரும்வரை, இரண்டு நாள் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அடுத்த காலின் லேஸைக் கட்டினேன்.

திரும்பும் ரயிலிலேயே போனில் அவர் விமான டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் என் பாஸ்போர்ட் கைப்பையிலேயே இருக்கிறது.