அன்று ராத்திரிக்குச் சோறா, தோசையா

எங்கள் செராமிக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. லீவு சொல்வதற்காக ஆரம்பித்தது. இப்போது லீவைத் தவிர மற்ற எல்லாம் அதில் வரும். சாயங்காலமானால் ஒரே கேள்விதான்: "ராத்திரிக்கு என்னா பண்றீங்க?" நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் முகம்கூடக் கழுவாமல் இதைக் கேட்டுக்கொள்வோம். நானும் கேட்பேன். பதில் வர லேட்டானால் எனக்குக் கோபம் வேறு வரும்.

போன மாசியில் ஒரு நாள் நானே முந்திக்கொண்டு கேட்டேன். "எல்லாரும் சீக்கிரம் சொல்லுங்கடி, எனக்கு மூளையே வேலை செய்யல" என்று பேசி அனுப்பினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று என் மகன் வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து ஒவ்வொருத்தியிடமும் சொல்லித் தீர்த்திருந்தேன்.

அவன் செராமிக் டிப்ளமோ படித்தவன். அவன் அப்பா இந்த ஊரிலேயே வேறொரு கம்பெனியில் சூளை பார்க்கிறார். முதலாளியிடம் கேட்டுக் கேட்டு மகனுக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அவன் ஒரு மாதம் போனான். பிறகு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குஜராத்துக்கு, டைல்ஸ் கம்பெனி வேலைக்கு, ரயிலேறிவிட்டான். "எம் மூஞ்சில முழிக்க வேணாம்னு சொல்லு" என்றார் இவர். அதையும் அவனிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். இரண்டு வருஷமாக இருவரும் பேசவில்லை. அவன் எனக்குப் போன் செய்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நான் கொல்லைக்குப் போய்ப் பேசுவேன்.

அன்று அவன் வந்தது, கூட்டாளிக்கு எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூரில் கல்யாணம் என்று. சாயங்கால ரயிலில் இறங்கி, காலையில் பஸ் பிடித்துக் கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்தே திரும்பிவிடுவானாம். நடுவில் ஒரு ராத்திரி. அந்தச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டால் போதும் என்றிருந்தது எனக்கு. விட்டால் அடுத்து எப்போதோ.

எங்கள் வீட்டில் ராத்திரிக்குத் தோசைதான். ஆனால் தோசை அன்றைக்கு உதவாது என்று முடிவு கட்டினேன். தோசை சுட்டால் நான் அடுப்பைவிட்டு நகர முடியாது. ஒருத்தர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இன்னொருத்தர் உட்காருவார். அதைச் சாக்காக வைத்தே இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள். சோறாக்கினால் சேர்ந்து உட்காரவைத்துவிடலாம். நானும் நடுவில் உட்கார்ந்து பேச்சை எடுத்துக் கொடுக்கலாம்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து போகும் அக்கா பஸ் இரைச்சலுக்கு நடுவே பேசி அனுப்பியிருந்தார். "எங்க வூட்ல கோதும ரவை உப்புமாதான். ஒனக்கு அது ஆவாது. புள்ள வர்றப்ப உப்புமா கிண்டனா அடுத்த ரயிலப் புடிச்சிடுவான்." நல்லூர்க்காரி, என்னைவிடச் சின்னவள், அவள்தான் வழி சொன்னாள். "நாங்க காலைல வெச்ச சாம்பார சூடு பண்ணிக்குவோம். நீ நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வெய்யிக்கா. அந்த வாசனைக்கு ரெண்டு பேரும் தானா வந்து ஒக்காருவாங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. புளியை ஊறவைத்தேன். கத்திரிக்காய் நறுக்கினேன். வாசலுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கருவாட்டை வெந்நீரில் போட்டுக் கழுவினேன். ரயில் எங்கே வருகிறது என்று போனில் பார்த்தேன். உப்புப் போட்டேன். மறுபடி வாசல். அவன் வந்ததும் இவர் எழுந்து வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை. தாளித்துக் கொட்டினேன். உப்புப் போட்டேன். கருவாட்டுக்கே உப்பு உண்டு என்பது சமைக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும். நான் அதை மறந்தது மட்டுமில்லை, இரண்டு முறை போட்டதும் வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

குரூப்பில் அழாத குறையாகச் சொன்னேன். உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொன்னாள் ஒருத்தி. சோற்றை உருட்டிப் போடு என்றாள் இன்னொருத்தி. அக்கா இன்னும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன். குழம்பு சட்டியின் விளிம்பு வரைக்கும் ஏறியதே தவிர உப்பு குறையவில்லை. போட்ட சோற்று உருண்டையும் கரைந்து கஞ்சியாகிவிட்டது. என்மேலேயே எனக்கு ஆத்திரம். கரண்டியை வீசியெறிந்துவிட்டு, பிறகு நானே குனிந்து பொறுக்கினேன்.

அந்த நேரம் பார்த்து இவர் வந்தார். "கொழம்பு கெட்டுப்போச்சி. தோசதான்" என்றேன். "எதாவது ஒண்ணு" என்று குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தவரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். வீட்டில் கைலியும் வெற்று உடம்புமாக இருக்கிற மனுஷன், சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கழற்றிவிடுவார்.

மகன் வந்தான். இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான். "பையை எங்கம்மா வெக்கட்டும்?" என்று என்னைத்தான் கேட்டான். இவர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். சட்னி அரைத்துவிட்டுக் கல்லை அடுப்பில் வைத்திருந்தேன். மகன் நேராக அடுப்படிக்கு வந்தான். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "தள்ளும்மா, நான் ஊத்தறேன். ரூம்ல நாந்தான் தோச மாஸ்டர். நீ போயி ஒக்காரு" என்றான்.

நான் இவர் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சூடான தோசைக்காக நான் காத்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றுதான். முதல் தோசையை மகன் கொண்டுவந்து இவர் தட்டில் வைத்தான், அடுத்ததை என் தட்டில். இவர் மல்லாட்டைச் சட்னி தொட்டுத் தின்றார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அது என்றால் இவருக்கு உயிர். அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "இன்னும் ஒண்ணு போடட்டுமான்னு கேளும்மா."

கேட்டேன். "முறுவலா வேணாம்னு சொல்லு" என்றார். சொன்னேன். "எண்ணெ எவ்ளோன்னு கேளு." கேட்டேன். "கம்மியாப் போதும்னு சொல்லு." இரண்டு வருஷமாக இதே வேலைதான் எனக்கு. அதுவரை எப்படித்தான் பொறுத்தேனோ, அன்று சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு வாயில தோச இருக்குது. இனிமே நான் யாருக்கும் எதையும் சொல்லப் போறதில்ல. வேணுங்கறவங்க கேட்டு வாங்கித் தின்னுங்க" என்று கத்திவிட்டேன். வாயில் உண்மையிலேயே தோசை இருந்தது. பாதி சட்னியில் தெறித்தது.

காரியத்தைக் கெடுத்துவிட்டேன், இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று பயந்தேன். பிறகு இவர் டிவியைப் பார்த்தபடியே, "மெத்துனு ஒண்ணு" என்றார். "சரி" என்றது அடுப்படி. அவ்வளவுதான். சோறு போட்டிருந்தால் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு போயிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கும் அவர்கள் போனில் பேசிக்கொள்வதில்லை. அவன் போன் வந்தால் நான் இன்னும் கொல்லைக்குத்தான் போகிறேன். அவன் ஊருக்கு வந்துவிடுவானா, இவர் ஒரு தடவை அங்கே போய்ப் பார்ப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆனால் அன்று தின்று முடித்து எழுந்தவர் கை கழுவப் போகவில்லை. தட்டோடு அடுப்படிக்குப் போனார். "போயி ஒக்காரு. நான் ஊத்தறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தோசை சுட்டு நான் பார்த்ததில்லை. மகன் நகரவில்லை, பக்கத்திலேயே நின்றான். இவர் மாவை ஊற்றினார். கல்லில் பாதிக்கு மொத்தமாக, பாதிக்குக் கந்தலாகப் பரவியது. தினம் தினம் நெருப்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு எப்போது திருப்புவது என்று தெரியவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"கருவுதுப்பா, திருப்பு" என்றான் மகன்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இவர் அந்தக் கருகிய தோசையைச் சுரண்டி எடுத்து மகன் தட்டில் போட்டுவிட்டு, "காலைல எத்தன மணிக்குடா பஸ்ஸு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, அவனிடமே கேட்டார்.