ஆறிலிருந்து ஏழு வரை

என் மனைவிக்கு வேலை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு தடவை நீங்களே மாட்டிப் பாருங்கள், அப்புறம் சிரியுங்கள். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருக்கும் மணியை அழுத்துவீர்கள் அல்லவா? உடனே ஒரு பெண்குரல், "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லும். அந்தக் குரல் அவளுடையது. மெக்கானிக்கை அனுப்புவது, அவர் எதுவரை வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பது, மூச்சு முட்டுகிறது என்பவரை உட்காரவைப்பது, கதவைக் கையால் பிளக்கப் பார்க்கும் வீரர்களை அதட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. பதினோரு வருஷத்தில் ஒருவரைக்கூட அவள் அம்போ என்று விட்டதில்லை. இதை நான் கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

முன்பெல்லாம் அலுவலகத்துக்குப் போய்வந்தாள். ஆறு மணிக்கு அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். பேச்சு பாதியில் இருந்தால் இரண்டு நிமிஷம் காதில் வாங்கிக்கொண்டு அவள் தோளைத் தட்டுவார். இவள் எழுந்திருப்பாள், அவர் உட்காருவார். அவ்வளவுதான். ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பாள். நான் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் நான் தூங்கும்போது அவள் வேலையைத் தொடங்கிவிடுவாள். ஆக, நாங்கள் இருவரும் முழித்துக்கொண்டு எதிரெதிரே உட்காருவதற்கு அந்தக் கொஞ்ச நேரம்தான். அதில்தான் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

பிறகு கம்பெனி அலுவலகத்தை மூடி, எல்லாரையும் வீட்டிலிருந்தே பேசச் சொல்லிவிட்டது. எனக்கு ஒரே கொண்டாட்டம். போக வர நேரமில்லை, ஆறு அடித்தால் ஒரு மணி நேரம் முழுசாக என் கையில். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நானே மேஜை போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஊரே வீடு திரும்புவது ஆறு மணிக்குத்தான், லிஃப்டுகள் மக்கர் பண்ணுவதும் அப்போதுதான். அழைப்பை யார் எடுத்தாரோ அவரே முடிக்க வேண்டும் என்று ஒரு புது விதி வேறு. ஒரு அழைப்பு முடிந்தால் அடுத்தது. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். உள்ளேயிருந்து, "மெக்கானிக் பக்கத்துல வந்துட்டார்மா" என்று யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பாள். அதிசயமாகச் சீக்கிரம் முடிந்தாலும் கம்ப்யூட்டரை மூடமாட்டாள். மற்றவர்கள் எடுத்த அழைப்புகளில் கதவு திறந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. உள்ளிருந்து கதவைத் தட்டினேன். "பதட்டப்படாதீங்க சார், கதவை இழுக்காதீங்க" என்றாள் மேஜையிலிருந்து. கட்டின புருஷனை சார் என்கிறாள்! எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். வெளியே வந்ததும் பொரிந்து தள்ளிவிட்டேன்.

"ஒண்ணு அந்த வேலையை விடு, இல்லன்னா என்னை விடு!"

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மறுநாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆறு மணிக்கு வேலையை நிறுத்த எனக்குத் தெரியும்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேங்க. அப்படி இல்லை. பின்னாடி ஒருத்தர் வந்து நின்னார், அதனால எந்திரிச்சேன். இங்க யாரும் வந்து நிக்கறதில்லை."

"நான் வந்து நிக்கறேன்."

"நீங்க நின்னா லைனை யார் எடுக்கறது?"

அவள் யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடுத்த ஆள் அதே அழைப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டவரிடம், "இனிமே இவர் உங்ககூட இருப்பார்" என்று அவள் சொல்லுவாள். புதியவர் பேச வேண்டும், உள்ளே இருப்பவர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் காதில் விழுந்த பிறகுதான் இவள் விலகுவாள்.

மேலதிகாரி அம்மாள் லேசில் மசியவில்லை. "நடுவுல ஆள் மாறினா பயந்துடுவாங்க" என்றாராம். "சொல்லாம விட்டுட்டுப் போனாத்தாங்க பயம். இன்னொருத்தர் கையில ஒப்படைச்சிட்டுப் போனா பயம் இருக்காது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கடைசியில், "சரி, ஒரு மாசம். ஒரே ஒரு புகார் வந்தாலும் பழையபடிதான்" என்று உத்தரவானது.

அடுத்த ஷிஃப்ட்காரர் ஒரு கட்டைக்குரல் மனிதர். இவள் அவரை அண்ணே என்பாள். முதல் நாள் ஆறு மணிக்கு ஹெட்செட்டை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, காது உள்ளே இருந்த கம்ப்யூட்டரிடம்தான் இருந்தது. நான்காம் நாள், "உங்க பெரிய அடுப்பை ரிப்பேர் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். தொழிற்சாலை அடுப்பு ரிப்பேர் என்று நான் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எங்கள் ஒரு மணி நேரம் திரும்பி வந்தது.

மாதத்தின் கடைசி நாள். புகார் ஒன்றுமில்லை. நான் கடைக்குப் போய் முட்டை வாங்கிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினேன். எங்கள் வீடு ஐந்தாவது மாடி, லிஃப்டும் அவள் கம்பெனி பார்த்துக்கொள்வதுதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கும் போயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தடவித் தடவி மணியை அழுத்தினேன்.

"பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"அடியே, நான்தான்!"

பிறகு அதே குரல், "சார், எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் ஒரு டஜன் முட்டையும்!"

"முட்டையைக் கீழ வெச்சிட்டு நீங்களும் உட்காருங்க சார். மெக்கானிக் கிளம்பிட்டார். நாப்பது நிமிஷத்துல வந்துடுவார்."

உட்கார்ந்தேன். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு சக்தி. பத்து நிமிஷம் பேசிக்கொண்டே இருந்தாள், என் நெஞ்சுப் படபடப்பும் அடங்கிக்கொண்டு வந்தது. அப்போது சொன்னாள்.

"சார், என் ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடியுது. இப்ப லைன்ல சேர்ந்திருக்கறவர் கதவு திறக்கற வரைக்கும் உங்ககூட இருப்பார்."

"என்னது? என்னையே விட்டுட்டுப் போறியா?"

"சார், அவர் பேசறார். பதில் சொல்லுங்க."

"சார், நான் இருக்கேன். வசதியா உட்கார்ந்திருக்கீங்களா?" என்றது கட்டைக்குரல்.

"உட்கார்ந்திருக்கேன்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறு மணிக்கு அவள் லைனிலிருந்து போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை, "நான் புகார் பண்ணணும்" என்று அந்த அண்ணனிடம் சொன்னால் போதும், அவள் ஒரு மாத உழைப்பும் அவுட். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு மாடியைத் தடதடவென்று இறங்கிவந்து, என் தலைக்கு மேலே மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க! ஏங்க, நல்லா இருக்கீங்களா?"

அது மணிக்குள்ளிருந்து வந்த குரல் இல்லை. அந்தக் குரலில் துளிகூடப் பயம் இருக்காது. இதில் மூச்சிரைப்பு இருந்தது, நடுக்கம் இருந்தது. பதினோரு வருஷமாக யாரோ எவருக்கோ தைரியம் சொல்லுகிறவள், எனக்காக நடுங்கிக்கொண்டு நின்றாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எனக்கென்ன? ராஜாவாட்டம் இருக்கேன்."

"குரலே சொல்லுதே. முட்டை உடைஞ்சுதா?"

மூன்றாவது மாடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. நடுநடுவே கட்டைக்குரல், "மெக்கானிக் தெருமுனைக்கு வந்துட்டார் சார்" என்று தன் வேலையைச் செய்தது. ஆறு இருபதுக்குக் கதவு திறந்தது.

சேவை எப்படி இருந்தது என்று கேட்டு ஃபோனுக்குத் தகவல் வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டேன். ஆறாவது இருந்திருந்தால் அதையும் அமுக்கியிருப்பேன். இன்று அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் முறைதான் விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டுவது எங்கள் பேச்சின் பதிவைத்தான், முட்டை சமாசாரம் உட்பட. என் பெண்டாட்டி சாமானியப்பட்டவள் இல்லை.

ஆனால் அன்று ஆம்லெட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அவளைக் கேட்டேன்.

"எனக்காகவாவது இன்னும் இருபது நிமிஷம் லைன்ல இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்" என்றாள். "இருந்திருந்தா, அந்த இருபது நிமிஷமும் உங்களை சார்னுதானே கூப்பிட்டிருப்பேன்."

ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பினேன், படி வழியாகத்தான்.