விற்பனைக்கு அல்ல

கல்முனை பஸ் நிலையத்தருகே காசுக்குப் பென்டிரைவில் படம் ஏற்றிக் கொடுக்கும் கடைக்காரர் அவர். தொழுகைத் தழும்பு ஏறிய நெற்றி. எதையும் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார். அன்று ஓடிய ஜப்பான் அனிமே தொடரில், நான் தமிழாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்ட வசனங்கள் திரையின் அடியில் எழுத்தாக வந்தன. தொடக்கத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற என் அறிவிப்பும் அப்படியே இருந்தது.

“நானா, விக்கக்கூடாதெண்டு போட்டிருக்கே?” என்று அந்த அண்ணனைக் கேட்டேன்.

“ஓம் தங்கச்சி. ஆரோ ஒரு புள்ள கஷ்டப்பட்டு எழுதினது. அத அழிச்சா பாவம்.”

“அந்தப் புள்ள நான்தான்.”

உடனே எழுந்து, தன் கதிரையைத் துடைத்து என்னை இருக்கச் சொன்னார்.

“அடுத்த பாகம் எப்ப வரும்? ஆக்கள் கேட்டுக் கேட்டுப் போறாங்க.”

நானும் ஜப்பானில் எவரிடமும் கேட்டு மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

“வெள்ளிக்கிழமை” என்றுதான் வந்தது.